கனம் பார்த்து வாங்கியது

தங்கமாரியப்பன் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருப்பவர் என்பதால், குடமானாலும் குத்துவிளக்கானாலும் முதலில் வலது கையால் தூக்கிப் பார்ப்பார், பிறகு இடது கைக்கு மாற்றி இன்னொரு தரம் தூக்கிப் பார்ப்பார், பிறகு நடுவிரல் முட்டியால் தட்டிச் சத்தம் கேட்பார், அதற்குப் பிறகுதான் விலை கேட்பார். அக்கா மகள் காளீஸ்வரிக்கு மடிக்கணினி வாங்க ராஜபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்தபோதும் அவர் அதையேதான் செய்தார், அதில் தவறு இருப்பதாக அவருக்கும் தோன்றவில்லை, கூட வந்திருந்த அக்கா பொன்னுத்தாய்க்கும் தோன்றவில்லை.

கண்ணாடி மேஜைமேல் இரண்டு மடிக்கணினிகள் திறந்திருந்தன. இரண்டின் விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். மாமா கொண்டுவந்த பணம் இரண்டில் ஒன்றுக்குச் சரியாகப் போகும், அதற்கு மேல் ஒரு மவுஸ் வாங்கக்கூட மிஞ்சாது. முதலாவது சின்னத் திரையும் பிளாஸ்டிக் உடம்புமாக, சாப்பிடாத பிள்ளை மாதிரி இருந்தது, ஆனால் உள்ளே, ஆட்டத்துப் படங்களை வேகமாக ஓட்டுகிற தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தது. இரண்டாவது அகலத் திரையும் உலோக மூடியுமாகத் திடமாக உட்கார்ந்திருந்தது, உள்ளே அந்த கார்டு இல்லை. பல மாதங்களாக விலைகளையும் விவரங்களையும் படித்துப் படித்து, கண்ணை மூடினாலும் அவையே ஓடும்படி ஆகியிருந்த காளீஸ்வரி முதலாவதைத் தொட்டாள்.

"இதுதான் மாமா."

மாமா அதைத் தூக்கினார். கை மாற்றித் தூக்கினார். தட்டினார்.

"காத்து மாதிரி இருக்கே மருமகளே. உள்ள ஒண்ணுமில்லாம வச்சு மூடியிருக்கான்."

பிறகு இரண்டாவதைத் தூக்கினார். முகம் மலர்ந்தது. அக்காவிடம் நீட்டினார், அக்காவும் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள்.

விற்பனைக்கு நின்றிருந்த ரெஜினா மெதுவாகச் சொன்னாள்: "சார், இது ஆபீஸ் வேலைக்கு. பாப்பா கேம் விளையாடத்தானே கேக்குறாங்க? இதுல தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது சார்."

"எதுக்கும்மா தனியா? கூட்டுக்குடும்பமா இருந்துட்டுப் போகட்டும்."

பொன்னுத்தாய் சிரித்தாள். ரெஜினாவும் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். காளீஸ்வரி மட்டும் முதலாவதின் மேலிருந்து கையை எடுத்துக்கொண்டாள், ஏனென்றால் அது வெறும் மடிக்கணினி இல்லை, தாய்மாமன் சீர். அவள் பெரியவளானபோது சீர் கொண்டுவர வேண்டிய மாமன், கடை நொடித்துக் கிடந்த காலம் என்பதால், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடும் இரண்டு தேங்காயோடும் வந்து நின்றார், பந்தியில் யாரோ சொன்ன சொல்லைக் கேட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனார், அன்றிலிருந்து இந்த நாளுக்காகத்தான் அவர் ஒவ்வொரு குடமாக விற்றுக்கொண்டிருந்தார். சீர் கொடுக்கிறவன் பார்த்து எடுத்துக் கொடுப்பதுதான் சீர், வாங்கிக்கொள்கிறவள் கைநீட்டித் தேர்ந்தெடுத்தால் அது வெறும் வியாபாரம் என்பது அவர்கள் பக்கத்து வழக்கம்.

வெளியே வரும்போது ரெஜினா அவள் காதருகில், "பதினஞ்சு நாளைக்குள்ள கொண்டாந்தா மாத்தித் தாரேன்" என்றாள்.

மாற்ற முடியாது என்று இருவருக்குமே தெரிந்திருக்கலாம். வெள்ளிக்கிழமை காலை மூன்று பித்தளைத் தாம்பாளங்கள் காளீஸ்வரி வீடு இருந்த கஞ்சித்தொட்டித் தெருவுக்குள் வந்தன. ஒன்றில் பழங்கள், ஒன்றில் வெற்றிலை பாக்கும் பட்டுத்துணியும், நடுத் தாம்பாளத்தில் நான்கு மூலையிலும் மஞ்சள் குங்குமம் வைத்த மடிக்கணினி, அதைச் சுற்றி ஒரு முழம் மல்லிகை. வாசலில் ஆரத்தி எடுத்து உள்ளே வாங்கினார்கள். வாசல் தாண்டி உள்ளே வந்த சீர் திரும்ப வாசல் தாண்டிப் போகக் கூடாது. அதே தெருவில் ஒரு வீட்டில், ஜாடியில் கீறல் இருந்ததென்று சீர் மிக்சியைக் கடைக்கு அனுப்பி மாற்றினார்கள், அந்த அண்ணனும் தங்கையும் இன்றுவரை ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருவர் போவதில்லை.

தெருவில் எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு வகையில் பேண்டேஜ் துணிதான் சோறு போட்டது. காளீஸ்வரியின் அப்பா சுந்தரமகாலிங்கம் வாலிபம் முழுவதையும் தறிக்கூடத்தில் கழித்தவர், பஞ்சுத்தூசி நெஞ்சில் இறங்கி, இனிமேல் அந்தப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்; பொன்னுத்தாய் ஒருத்தி தறிக்குப் போய்வந்தாள். சென்னையில் ஐந்து பெண்கள் சேர்ந்து கம்ப்யூட்டர் கேம் விளையாடுகிற ஒரு அணியில் ஓர் இடம் காலியாகியிருந்தது, அதற்குச் சம்பளம் உண்டு, இன்டர்நெட் கடையில் காளீஸ்வரி ஆடியதைப் பார்த்து அவர்களாகவே கூப்பிட்டிருந்தார்கள். மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேர்வு ஆட்டம். சொந்த மிஷின் இருக்க வேண்டும், அதில் படம் நொடிக்கு அறுபதுக்குக் குறையாமல் ஓட வேண்டும், இந்த இரண்டும்தான் நிபந்தனை. அந்தச் சம்பளத்தை வைத்து அவள் மனதுக்குள் ஏற்கெனவே அப்பாவை மதுரைக்குக் கூட்டிப்போய் நெஞ்சு டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பியிருந்தாள்.

மிஷினைத் திறந்து ஆட்டத்தை ஓடவிட்டபோது திரையின் மூலையில் இருபத்தாறு என்று காட்டியது. ஆட்டத்துக்குள் ஒரு கடைத்தெரு, அதில் ஜனங்கள் போவதும் வருவதுமாக இருப்பார்கள், நடுவில் ஒளிந்துகொண்டு எதிரணியைச் சுட வேண்டும். இவளுடைய ஆள் சேற்றில் கால் வாங்குகிறவன் மாதிரி நடந்தான். கார்டு இல்லாத மிஷின் வைத்திருக்கிற எல்லோரும் செய்வதையே அவளும் செய்தாள். செட்டிங்ஸுக்குப் போய் முதலில் நிழலைக் குறைத்தாள்.

மறுநாள் விடிந்தபோது கஞ்சித்தொட்டித் தெருவில் நிழல் இல்லை.

வெயில் இருந்தது, சுவர்கள் இருந்தன, மின்கம்பம் இருந்தது, அதன் காலடியில் மட்டும் ஒன்றும் விழவில்லை. தினமும் மின்மாற்றி நிழலில் படுக்கிற ஆடு வழக்கமான இடத்தில் படுத்தது, சூடு பொறுக்காமல் எழுந்தது, நகர்ந்து படுத்தது, அங்கேயும் பொறுக்காமல் எழுந்தது. ஜனங்கள் சாக்கை நனைத்துக் கட்டிப் பார்த்தார்கள், அதன் கீழேயும் வெயில்தான் இருந்தது. கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பொன்னுத்தாய், திடீரென்று கொடியின் நிழல் தரையில் கோடாக ஓடுவதையும், மறுநிமிஷம் யாரோ துடைத்தமாதிரி அழிவதையும் பார்த்தாள். உள்ளே எட்டிப் பார்த்தால் மகள் மவுஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏய், இப்ப என்ன அமுக்குன?"

"நிழலைக் கூட்டிக் கொறைச்சேன்."

"மறுபடி அமுக்கு, பாப்போம்."

அமுக்கினாள். கொடியின் நிழல் வந்தது. பொன்னுத்தாய் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "சரி, கொறைச்சே வை. துணி சீக்கிரமாக் காயுது."

தெருவே அறிந்துகொள்ள அதற்கு மேல் நேரமாகவில்லை. சீரை வீட்டுக்குள் வாங்கின நேரம் சரியில்லை என்றார்கள், மூடியில் வைத்த மஞ்சள் உள்ளே இறங்கிவிட்டது என்றார்கள், பிறகு அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு ஆகவேண்டியதைப் பார்த்தார்கள். வெளுத்த துணியை விரிக்கிறவர்கள், மூலை முடுக்கெல்லாம் ஒரே சீராகக் காய்கிறது என்று சந்தோஷப்பட்டார்கள். கல்யாணப் படம் பிடிக்க வந்தவர், பெண்ணும் மாப்பிள்ளையும் தாளில் வெட்டி ஒட்டினமாதிரி இருக்கிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார். அடுத்த தெருக்காரர்கள் கொஞ்ச நாள் பெண் கேட்டு வரத் தயங்கினார்கள், வந்து பார்த்தபோது தங்கள் நிழலும் விழாததைக் கண்டு, இது ஆளைப் பொறுத்ததல்ல இடத்தைப் பொறுத்தது என்று தெளிந்து, காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

எண் முப்பத்தைந்துக்கு ஏறியிருந்தது. காளீஸ்வரி இலைகளைக் குறைத்தாள். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தில் ஆயிரமாயிரமாக இருந்த இலைகள் போய், கிளைக்கு நாலாக, முறம் முறமாக இலைகள் தொங்கின. அம்மை போட்டிருந்த வீட்டில் ஒரே இலையைக் கொண்டுபோய் நிலைப்படியில் சாத்தி வைத்தார்கள், அது வாசல் முழுவதையும் அடைத்தது. காற்றடித்தால் மரம் சலசலக்காமல் தகரம் மாதிரிப் பேசியது.

பிறகு, எவ்வளவு தூரம்வரை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்கிற தொலைவைக் குறைத்தாள். அன்று காலையில் மேற்கே மலை இல்லை. தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரு வெளுப்பு நின்றது, அதற்குள்ளிருந்து மினிபஸ் ஹாரன்கூட அடிக்காமல் வெளியே வந்து நின்றது, டிரைவர் எந்த வித்தியாசமும் இல்லாமல் இறங்கி டீ கேட்டார். போய்ப் பார்த்தவர்கள், நடக்க நடக்க ரோடு காலுக்கு முன்னால் வந்துகொண்டேயிருக்கிறது, பயமில்லை என்றார்கள். ஆனால் தனியாக அந்தப் பக்கம் போன ஆடு திரும்பவில்லை. தேடிப் போனவர்கள் அதன் கயிற்றைக்கூடப் பார்க்கவில்லை. யாரும் பார்த்துக்கொண்டிராத ஒன்றை அந்த வெளுப்பு தன்னோடு வைத்துக்கொள்கிறது என்று தெரிந்தபிறகு, மலைப்பக்கம் வேலையிருக்கிறவர்கள் இரண்டு பேராகத்தான் போனார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பேசுவதற்கு ஒன்றுமில்லாவிட்டாலும் பேசிக்கொண்டு. மலையடிவாரத்து ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு மருமகள் மட்டும், அம்மா வீடு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாமல் போய்விட்டதே என்று அழுதாள். மாமியார் அவள் தோளைப் பிடித்துத் திருப்பி, "இந்தப் பக்கம்தான், பாத்துக்கோ" என்று காட்டினாள்.

நிறுத்து என்று யாரும் காளீஸ்வரியிடம் சொல்லவில்லை. பொம்பளப்பிள்ளை பிழைத்துப் போகட்டும் என்று இருந்தார்கள். வேண்டுகோள்கள் மட்டும் வந்தன.

"பாப்பா, எதுத்த வீட்டு மாடியைக் கொஞ்சம் கொறைக்க முடியுமா? காத்தே வரல" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுச் சீனியம்மாள்.

"அப்படித் தனியா ஒண்ணைக் கொறைக்க முடியாது சித்தி."

"என் வீட்டுக்காரர் பேசுறதையாவது?"

"சத்தத்தைக் கொறைச்சா எண் ஏறாது சித்தி."

"எண்ணுக்காகவா கேட்டேன்?"

மாமாவிடம் மட்டும் ஒருவரும் மூச்சுவிடவில்லை. அவர் பஸ்ஸிலிருந்து இறங்குவது தெரிந்தால் தெரு முழுவதும் முகத்தைச் சரிசெய்துகொண்டது. மிஷின் சரியில்லை என்று அவர் காதில் விழுந்தால் அவர் வாழைப்பழத்தோடு நின்ற நாளுக்குத் திரும்பிப் போய்விடுவார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"என்னப்பா, மலையக் காணோம்?" என்று டீக்கடையில் நின்று கேட்டார்.

"மேகமாப் போட்டிருக்கு அண்ணாச்சி" என்றார் டீக்கடை அய்யாக்குட்டி, வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லாத சித்திரை மாதத்தில்.

"எனக்கு நிழலையும் காணோமே."

"உச்சி வெயில் அண்ணாச்சி. காலுக்கடியில இருக்கும்."

மாமா காலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு வீட்டுக்கு வந்து மிஷினை இரண்டு கையாலும் தூக்கி, கனம் குறையவில்லை என்று உறுதி செய்துகொண்டு, "எப்படி ஓடுது மருமகளே?" என்றார்.

"நல்லா ஓடுது மாமா."

ரெஜினா சொன்ன கெடு முடிந்துபோயிருந்தது.

எல்லாவற்றையும் குறைத்தபிறகு எண் ஐம்பத்தொன்றில் நின்றது, அதற்கு மேல் அசையவில்லை. குறைக்காமல் மிச்சம் இருந்தது ஒன்றுதான். கூட்டம். அணியின் கேப்டன் ஜாஸ்மின் சென்னையிலிருந்து ஒரு சாயங்காலம் பேசினாள், காளீஸ்வரி ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"கூட்டத்தைக் குறைக்கலையா காளி? எல்லாரும் முதல்ல அதைத்தான் குறைப்பாங்க. சும்மா நிக்கிறதுங்கதானே. வேலையில்லாம நிக்கிற ஆளுங்கதான் முதல்ல போவாங்க, ஆட்டத்துக்கு ஒண்ணும் ஆகாது."

அடுப்படியில் நின்ற பொன்னுத்தாய் அதைக் கேட்டாள். குழாயடியில் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது என்று பிற்பாடு நினைத்தாள், ஆனால் யாரிடமாவது சொல்லாமல் அதைத் தனியாக வயிற்றில் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அடுத்த நாள் தெருவில் சும்மா நிற்கிற ஆள் ஒருவரும் இல்லை. சீனியம்மாள் பெருக்கிய இடத்தையே பெருக்கினாள். குடிக்க ஆளில்லாத நேரத்திலும் அய்யாக்குட்டி டீயை உயரத் தூக்கி ஆற்றினார். பென்ஷன் வாங்கும் கண்டக்டர் விசிலைத் தேடி எடுத்துவந்து ஆடுகளுக்கும் சைக்கிள்களுக்கும் ஊதினார். காலிக் குடங்களைத் தூக்கிக்கொண்டு பெண்கள் மேற்கேயும் கிழக்கேயும் நடந்தார்கள், எதிரெதிரே வந்தபோது, அவசரமாகப் போகிறவர்கள் மாதிரி ஒருவரை ஒருவர் பார்க்காமல் போனார்கள். படுக்கையில் கிடந்தவர்களின் கையில் விசிறியைக் கொடுத்து, வீசிக்கொண்டேயிருங்கள் என்றார்கள். காளீஸ்வரியின் ஜன்னலைக் கடக்கிறபோது மட்டும் எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்து, கொஞ்சம் வேகமாக, கொஞ்சம் சத்தமாகக் கடந்தார்கள். இப்படி எல்லோரும் ஓயாமல் நடமாடியதில் எண் நாற்பத்து நாலுக்கு இறங்கியது.

சுந்தரமகாலிங்கம் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, எந்திரிச்சு எதையாவது செய்யுங்க. கையில ஒரு நூல்கண்டையாவது வச்சுச் சுத்திக்கிட்டு இருங்க" என்றாள் பொன்னுத்தாய்.

"சுத்தி?"

"சும்மா இருக்கீங்கன்னு..." அவள் முடிக்கவில்லை.

"சும்மாதானே இருக்கேன்" என்றார் அவர். இருமல் வந்தது, அது அடங்கும்வரை அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.

அன்று காளீஸ்வரி வாசலுக்கு வந்து அவர் பக்கத்தில் குந்தினாள். தான் கூட்டத்தைத் தொடமாட்டேன் என்றாள். யாரும் கேட்காமலே இரண்டு தரம் சொன்னாள்.

"அறுபதுக்கு எவ்வளவு கொறையுதும்மா?" என்று கேட்டார் அப்பா.

"எல்லாரும் பேசாம இருந்தா, ஒம்போது."

"ஒரு ஆளு போனா எவ்வளவு ஏறும்?"

"அப்பா."

"கணக்குக்குக் கேட்டேன்."

"அப்படியெல்லாம் கணக்கு கிடையாது" என்றாள். உண்டு என்பது அவளுக்குத் தெரியும், ஆட்டத்துக்குள் ஓர் ஆள் கடைத்தெருவை விட்டு வெளியேறுகிறபோது எண் துளி ஏறுவதை அவள் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து, ஆடிக்கொண்டிருக்கும்போதும் ஒரு காது வாசல் பக்கமே இருந்தது. இருமல் கேட்டால் விரல் லேசானது. கேட்காவிட்டால் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

நடமாடினால் எண் இறங்குகிறது என்றால் அசையாமல் இருந்தால் ஏறத்தானே வேண்டும் என்று முதலில் சொன்னது சீனியம்மாள். டீக்கடை முன்னால் கூடிப் பேசினார்கள். தங்களை வேலையுள்ளவர்களாகக் காட்டிக் காட்டி எல்லோருக்கும் கால் கடுத்துப்போயிருந்தது.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒருத்தரும் அசையக்கூடாது" என்றார் அய்யாக்குட்டி. "கண்ணை மட்டும் வேணா உருட்டிக்கிடலாம்."

"கொசு கடிச்சா?"

"கடிச்சுட்டுப் போகட்டும். பேண்டேஜ் நம்மகிட்டதான இருக்கு."

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு தறிகள் நின்றன. தறி நின்றால் இவ்வளவு தூரம் கேட்கும் என்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆடுகளின் காலைக் கட்டினார்கள், சொட்டுகிற குழாய்க்குத் துணி சுற்றினார்கள், கொடியிலிருந்த சேலைகளை உருவி மடித்தார்கள், பிள்ளைகளைத் தூங்க வைத்தார்கள். பிறகு ஒவ்வொரு வாசலிலும் ஆண்களும் பெண்களும் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, போட்டோவுக்கு உட்கார்ந்தவர்கள் மாதிரி நேராகப் பார்த்தார்கள். நிழலில்லாத வெயில் அவர்கள் மேல் சமமாக விழுந்தது. பொன்னுத்தாய் வாசற்படியில் இருந்தாள். பக்கத்தில் நாற்காலியில் சுந்தரமகாலிங்கம், வெள்ளைச் சட்டை போட்டு, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு.

ஆட்டம் தொடங்கியபோது எண் ஐம்பத்தெட்டு. காளீஸ்வரி நன்றாகத்தான் ஆடினாள். ஆனாலும் அந்த இரண்டு ஏறவில்லை. அவ்வப்போது ஐம்பத்தாறுக்கு விழுந்து எழுந்தது, அது அப்பா துண்டுக்குள் இருமும்போது என்று திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. முதல் பாதி முடிந்தபோது ஜாஸ்மின் சொன்னாள்: "முதல் பாதியைக் கணக்குல எடுக்க வேண்டாம்னு கேட்டு வாங்கியிருக்கேன். இரண்டாம் பாதி அறுபது காட்டணும் காளி. இல்லைன்னா என்னால பேச முடியாது."

"ரெண்டுதான்க்கா. ரெண்டே ரெண்டுதான் கொறையுது" என்றாள் காளீஸ்வரி. ஹெட்போன் மாட்டியிருந்ததால் சத்தமாகச் சொன்னாள்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எண் ஐம்பத்தொன்பது ஆனது. பிறகு அறுபது. பிறகு அறுபத்தொன்று என்று காட்டிவிட்டு, அறுபதில் வந்து அப்படியே நின்றது. அவளுடைய ஆள் முதன்முறையாக அவள் நினைத்த கணத்தில் நினைத்த இடத்தில் இருந்தான். கடைத்தெரு வழுக்கிக்கொண்டு போனது, மூலையில் ஒருத்தி, கூரைமேல் ஒருத்தி, இரண்டு பேரையும் வீழ்த்தினாள். "அப்படித்தான், அப்படித்தான்" என்று ஜாஸ்மின் கத்தினாள். அடுத்த சுற்றும் அவர்களுக்கே. எண் விழவேயில்லை. ஒரு தரம்கூட ஐம்பத்தாறுக்கு விழவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது, அது என்ன என்பதும் தெரிந்தது, தெரிந்துகொண்டே அவள் மூன்றாவது சுற்றையும் ஆடினாள், கழுத்தைத் திருப்பாமல், திருப்பினால் அது உண்மையாகிவிடும் என்பது மாதிரி.

நான்காவது சுற்றில் ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து நகர்த்தினாள். தறிச்சத்தம் இல்லை. இருமல் இல்லை.

திரும்பினாள். நாற்காலி காலியாக இருந்தது. மடித்த துண்டு அதன்மேல் இருந்தது. படியில் அம்மா, அவரைப் பிடிக்க நீட்டிய கை பாதியில் நின்றுபோய், அசைந்தால் எண் விழுந்துவிடுமோ என்று கையை மடக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வாசலில் சீனியம்மாள், டீக்கடையில் அய்யாக்குட்டி, குடங்களுக்கு நடுவில் பெண்கள், விசிலை வாயில் வைத்தபடி கண்டக்டர், ஒருவரும் அசையவில்லை. எல்லோருடைய கண்களும் மட்டும் மேற்கே போயிருந்தன. தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால் வெளுப்பு, சுத்தமாக, ஒரு கீறல் இல்லாமல் நின்றது. அவர் தனியாகத்தான் போயிருந்தார்.

காளீஸ்வரி மவுஸைப் பிடித்தாள். ஆட்டத்தின் நடுவில் செட்டிங்ஸைத் திறந்தாள். தொலைவைக் கடைசிவரை தள்ளினாள்.

"காளி, நின்னுட்டே! என்ன பண்றே? சுடு!"

ஐம்பது. முப்பத்தெட்டு. மிஷினின் விசிறி அலறியது. இருபத்தொன்று. மேற்கு ஜன்னலில் முதலில் மலையின் உச்சி மட்டும் அந்தரத்தில் வந்தது, பிறகு அதைத் தாங்க ஒரு தோள், பிறகு பாறைகள் கட்டம் கட்டமாக, பிறகு அடிவாரத்துத் தென்னைகள் தலையில்லாமல், பிறகு தலைகள். பதினொன்று. திரையில் அவளுடைய ஆள் சுடப்பட்டு விழுந்தான், விழுந்து முடிக்காமல் சாய்ந்த வாக்கில் நின்றான். ஜாஸ்மின் ஏதோ சொன்னாள், அதுவும் துண்டு துண்டாக வந்தது. ஆறு. மலையிலிருந்து ஊருக்கு ரோடு இறங்கி வந்தது, வளைவு வளைவாக, ஒவ்வொரு வளைவுக்கும் யோசித்து யோசித்து. நாலு.

இரண்டாவது வளைவுக்கு மேலே ஒரு வெள்ளைச் சட்டை இருந்தது.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். வாசலில் அம்மா எழுந்தாள், எழுந்தது ஒரு படம், நின்றது ஒரு படம். தெரு முழுவதும் எழுந்து நின்றது, விட்டுவிட்டு, மூட்டு மூட்டாக. இனி யாரும் அசையாமல் இருக்க வேண்டியதில்லை, ஆனால் எண் விழ விழ அசைய முடியவில்லை. ரோட்டில் அந்தச் சட்டை ஒரு காலைத் தூக்கியபடி நின்றது. அவ்வளவு தூரத்தில் முதுகா நெஞ்சா என்று தெரியவில்லை, போகிறாரா வருகிறாரா என்று தெரியவில்லை. மிஷின் சூட்டில் மேஜைமேல் விரித்திருந்த பிளாஸ்டிக் விரிப்பு கருகும் வாடை வந்தது. எண் இரண்டு என்று காட்டிற்று.

"பாத்துக்கிட்டே இரு" என்றாள் அம்மா, வாசலிலிருந்து, திரும்பாமல். "கண்ணை எடுத்துராத. நாம பாக்குற வரைக்கும் இருப்பாரு."

காளீஸ்வரி இமைக்கவில்லை. தூக்கிய அந்தக் கால் எந்தப் பக்கம் இறங்கப்போகிறது என்பதற்காக, தெருவிலிருந்த எல்லோரும் அடுத்த படத்துக்குக் காத்திருந்தார்கள்.